ஜிகா: கர்ப்பிணிகளிடமிருந்து தொடங்குங்கள்

கொசு வழியாகப் பரவும் ஜிகா வைரஸ் நோயின் தடுப்பு பற்றிய தங்கள் தலையங்கம் புகைமருந்து அடிப்பதையே பெரிதாகப் பேசி, கர்ப்பிணிகளை ஒரே வரியில் கடந்துவிட்டது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாத இந்நோய், கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தாக்கினால் குழந்தை தலை சிறுத்துப் பிறக்கும் ஆபத்து கூடுதல் என்பதைப் பிரேசிலில் 2015இல் தொடங்கிய பரவலுக்குப் பிந்தைய ஆய்வுகள் உறுதிப்படுத்தின. கேரளத்தில் 2021 ஜூலையில் முதலில் கண்டறியப்பட்டவரும் எங்கள் ஊருக்கு அடுத்த பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த கர்ப்பிணியே. காய்ச்சல் வந்தவரை மட்டும் தேடினால் பாதிப்பு கண்ணில் படாது.

கிராம சுகாதாரச் செவிலியராக நான் வீடுவீடாகச் சென்ற நாள்களில், முற்றத்தைப் பளிச்சென்று வைத்திருந்த ஒரு கர்ப்பிணியின் வீட்டில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலுள்ள தட்டில் கொசுப்புழுக்கள் நெளிந்ததைப் பார்த்திருக்கிறேன்; தெருவில் அடிக்கும் புகை அங்கே எட்டுவதில்லை. பாதிப்புள்ள பகுதிகளில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, தொற்று உறுதியானால் கருவின் வளர்ச்சியைக் கண்காணிக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஜூலையில் மாநிலங்களை அறிவுறுத்தியது. அத்துடன், எல்லையோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேறுகாலப் பரிசோதனைக்கு வருவோரிடம் காய்ச்சல், தடிப்பு பற்றியும் கணவரின் வெளியூர்ப் பயணம் பற்றியும் கேட்டு (ஜிகா உடலுறவு வழியாகவும் பரவும்), தாய்–சேய் அட்டையிலேயே பதிவு செய்ய அரசு ஆணையிடலாம்.

– ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், களியக்காவிளை