மணி அடித்துவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூரின் தெம்பனிசில் 40 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வயது 69. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவன். கார் வாங்கியதில்லை, மோட்டார் சைக்கிள் உரிமமும் எடுத்ததில்லை. முன்னால் கூடை வைத்த சைக்கிள்தான் என் வாகனம். இப்போது ஓட்டுவது நான்காவது சைக்கிள். நடைபாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களைத் திட்டி யாராவது எழுதினால் விடாமல் படிப்பேன். திட்டு வாங்கும் கூட்டத்தில் நானும் ஒருவன் அல்லவா? ஆனால் அண்மையில் என் மனைவியே நடைபாதையில் ஒரு சைக்கிளால் இடிபட்டாள். அதற்கு இரண்டு வாரம் கழித்து, சைக்கிள் ஓட்டியதற்காக என்னை அதிகாரிகள் நிறுத்தினார்கள். ஒரே மாதத்தில் இரண்டு கட்சியிலும் இருந்துவிட்டதால் இதை எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் மனைவி கதை. காலையில் ஈரச்சந்தைக்குப் போய்விட்டுத் தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தாள். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தைத் தாண்டி மின்தூக்கிப் பக்கம் திரும்பும் இடத்தில் அகலமான தூண் ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. உணவு கொண்டுபோகும் இளைஞர் ஒருவர் சைக்கிளில் வந்தார். மணி அடித்தார். என் மனைவி இடது காதில் மட்டும் செவிப்புலன் கருவி போட்டிருக்கிறாள். ஒரு காதால் கேட்பவர்களுக்குச் சத்தம் கேட்கும், ஆனால் எந்தத் திசையிலிருந்து என்று பிடிபடாது. மணிச் சத்தம் கேட்டதும் ஒதுங்கத்தான் செய்தாள், ஒதுங்கியது சைக்கிள் வந்த பக்கமாகவே.

பெரிய காயம் இல்லை. முழங்கையில் சிராய்ப்பு, பையிலிருந்த முட்டைகளில் பாதிக்கு மேல் போயிற்று, கருவேப்பிலையும் தக்காளியும் தரையெங்கும். அந்தப் பையன் நல்ல பையன்தான். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கிவிட்டார், தக்காளியைப் பொறுக்கிக் கொடுத்தார், முட்டைக்குக் காசு தருகிறேன் என்றார். அத்தனைக்கும் நடுவில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “ஆன்ட்டி, நான் பெல் அடிச்சேன்.” கையிலிருந்த போன் வேறு விடாமல் அலறிக்கொண்டிருந்ததாம். “சாப்பாடு ஆறிப்போகும், நீ போ தம்பி” என்று இவளே அனுப்பிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது மாலையில்தான்.

“பெல் அடிச்சேன்.” இந்தச் சொல்லை நான் அன்றிலிருந்து மனதில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் நானும் இத்தனை வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். மணி அடித்தால் என் கடமை முடிந்தது, ஒதுங்குவது நடப்பவரின் வேலை. லாரி ஹாரன் அடித்தால் நான் ஒதுங்குவதில்லையா, அது போல.

நடைபாதை சாலை இல்லையே. அங்கே மணி அடித்துப் பாருங்கள். கணவன் மனைவி சேர்ந்து நடந்தால் ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் குதிப்பார்கள், பிறகு இருவரும் ஒரே பக்கம் சேர நினைத்துக் குறுக்கே பாய்வார்கள். காதில் இயர்போன் மாட்டியவர்களுக்கு எதுவும் கேட்காது. சிலர் நின்று திரும்பி முறைப்பார்கள். சீனப் பெரியவர் ஒருவர் என்னிடம் மணி அடித்ததற்காகச் சண்டைக்கு வந்தார். அடுத்த வாரமே இன்னொருவர், “ஏன் பெல் அடிக்கவில்லை, திடீரென்று பக்கத்தில் வந்தால் என் நெஞ்சு என்னாவது?” என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். இருவருக்கும் உண்மையில் பிடிக்காதது என் வேகம்தான்.

வேகம் என்றதும் சட்டத்துக்கு வருகிறேன். நடைபாதையில் சைக்கிளுக்கு மணிக்கு 10 கிலோமீட்டர் வரம்பு. முன்பு 15 ஆக இருந்ததை 2019 பிப்ரவரியில் குறைத்தார்கள். சைக்கிள் தடத்தில் 25. என் சைக்கிளில் வேகமானி இல்லை, காய்கறி வாங்கப் போகும் எவருடைய சைக்கிளிலும் இருக்காது. பிறகு 10 கிலோமீட்டர் என்பது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? வெல்டர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு ஞாயிறு காலை, அளவுநாடாவை எடுத்துக்கொண்டு பேரனோடு கீழே இறங்கினேன். இரண்டு புளோக்குகளுக்கு இடையில் 50 மீட்டர் அளந்தோம். 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 18 வினாடி ஆக வேண்டும். நான் வழக்கம்போல் ஓட்டியபோது பேரன் பார்த்த நேரம் 11 வினாடி. அதாவது 16 கிலோமீட்டருக்கு மேல். மெதுவாகப் போகிறவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன்! 18 வினாடியில் ஓட்டிப் பார்த்தால் அது ஓட்டுவது மாதிரியே இல்லை, ஹேண்டில் ஆடுகிறது. பழகிக்கொண்டேன். இப்போது அந்த இடத்தில் மனதுக்குள் பதினெட்டு வரை எண்ணிக்கொண்டு போகிறேன். உங்கள் வாசகர்களும் ஒருநாள் அளந்து பார்க்கலாம்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மிதிப்பதை நிறுத்திவிட்டால் என் பழைய சைக்கிளின் பின்சக்கரம் கடகடவென்று சத்தம் போடும். பத்து மீட்டருக்கு முன்பே மிதிப்பதை விட்டுவிட்டால், முன்னால் நடப்பவர் அந்தச் சத்தம் கேட்டுத் தானாகத் திரும்பிப் பார்க்கிறார். பதற்றம் இல்லை, முறைப்பு இல்லை. வழி கிடைத்தால் போகிறேன், இல்லாவிட்டால் காலை ஊன்றி நிற்கிறேன். மணியை மூலைகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அந்தத் தூண் பக்கம் வந்தால் மணி அடித்துவிட்டு இறங்கித் தள்ளுகிறேன்.

இறங்கித் தள்ளுவது எனக்குப் புதிதல்ல. எண்பதுகளில் இங்கே குடிவந்த புதிதில் நடைபாதையில் ஓட்டினால் குற்றம். ஒருமுறை மலாய்க்காரப் போலீஸ் ஒருவர் என்னை நிறுத்தி, “துருன், தோலாக்” என்றார். இறங்கு, தள்ளு. அவ்வளவுதான். அவர் கண்ணுக்கு மறையும் வரை தள்ளிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டேன், மறைப்பானேன்? எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம். அதனால்தானோ என்னவோ 2007இல் தெம்பனிசில் சோதனை முயற்சியாக நடைபாதையில் ஓட்ட அனுமதித்தார்கள். 2010இல் நகரமன்ற விதியாகவே அது வந்தது. சிங்கப்பூரில் முதலில் எங்கள் ஊரில்தான். அக்கம்பக்கத்துத் தொண்டூழியர்களே நடைபாதையில் நின்று, வேகமாக வருகிறவர்களை நிறுத்திப் பேசுவார்கள். அபராதத்தைவிட அது உறைக்கும், மறுநாள் காப்பிக்கடையில் அவர் முகத்தில் முழிக்க வேண்டுமே. 2018 மே மாதம் நடைபாதையில் ஓட்ட அனுமதிக்கும் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது.

அதற்குள் நின்றுகொண்டு ஓட்டும் மின்ஸ்கூட்டர் வந்து எல்லாவற்றையும் கலக்கிவிட்டது. 2019 செப்டம்பரில் பிடோக்கில், சைக்கிளில் போன 65 வயது மாது ஒருவர் மின்ஸ்கூட்டருடன் மோதி உயிரிழந்தார். அந்த ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி முதல் மின்ஸ்கூட்டருக்கு நடைபாதையில் தடை. உணவு கொண்டுபோகும் பிள்ளைகளில் பலர் அப்போதுதான் சைக்கிளுக்கு மாறினார்கள். என் மனைவியை இடித்த பையனும் அந்த வழியில் வந்தவராக இருக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து இப்படிப்பட்ட ஊழியர்களுக்கு வேலையிடக் காய இழப்பீடு உண்டு, மத்திய சேமநிதியும் மேம்பட்டிருக்கிறது. நல்லது. ஆனால் போன் இன்னும் நிமிடத்தை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கையில் வைத்திருக்கிறவரிடம் பதினெட்டு வரை எண்ணச் சொன்னால் அவர் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்.

இனி நான் மாட்டிக்கொண்ட கதை. 2025 ஜூலை 1 முதல், பக்கத்திலேயே சிவப்பு நிற சைக்கிள் தடம் இருக்கும் இடங்களில் சாம்பல் நிற நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும் என்று விதி வந்திருப்பது தெரிந்ததே. மீறினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விதி எனக்குத் தெரியும். அன்று காலை எட்டரை மணிக்குச் சிவப்புத் தடத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். எதிரில் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பாட்டி, நாயோடு இரண்டு பணிப்பெண்கள், அவர்களுக்குப் பின்னால் தைச்சி உடற்பயிற்சி வகுப்பு முடிந்து வரும் ஏழெட்டுப் பேர். சாம்பல் பாதையில் ஒருவர்கூட இல்லை. அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓர் இருபது மீட்டர் அதில் ஏறினேன். மரத்தடியில் சீருடை அணிந்த அதிகாரிகள் இருவர்.

இளையவர் பொறுமையாகத்தான் பேசினார். “அங்கிள், இது நடக்கிறவர்களுக்கு மட்டும்.” நான், “நடக்கிறவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்களே” என்று சிவப்புத் தடத்தைக் காட்டினேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் அங்கே நடப்பது குற்றமில்லை, நான் இங்கே ஓட்டுவதுதான் குற்றம் என்றார். இறங்கித் தள்ளியிருக்கலாம் என்றும் சொன்னார். பெயரைக் கேட்டுக்கொண்டு அறிவுரையோடு விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. இடித்தால் விழப்போவது நடப்பவர்தான், அதனால் சட்டம் அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. நடப்பவர்களுக்கும் அபராதம் போட வேண்டும் என்று சில சைக்கிள் நண்பர்கள் சொல்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் பாட்டிக்கு அபராதச் சீட்டா?

பாட்டி ஏன் சிவப்புத் தடத்தில் நடக்கிறார் என்று யாராவது பார்த்தார்களா? நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். காலையில் மரநிழல் முழுவதும் சிவப்புத் தடத்தில் விழுகிறது. சாம்பல் பாதை பளீரென்று வெயிலில் கிடக்கிறது. நம் ஊர் வெயிலில், நடந்து போகிறவர் நிழலை விட்டுவிட்டு விதிக்காக வெயிலில் போவாரா? சைக்கிளில் போனால் காற்றாவது முகத்தில் அடிக்கும். 2030க்குள் சைக்கிள் பாதைகளை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டருக்கு நீட்டப்போகிறார்கள். போடும்போது நடப்பவருக்கு நிழல் எந்தப் பக்கம் என்று ஒரு காலையும் ஒரு மாலையும் நின்று பார்த்துவிட்டுப் போட்டால், பாதி வாக்குவாதம் குறைந்துவிடும். போட்டாயிற்று என்றால் சாம்பல் பக்கத்தில் மரம் நடட்டும்.

சாலையில் போகலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரட்டை மாடிப் பேருந்து முழங்கையை உரசிக்கொண்டு போகும்போது 69 வயதில் கூடையில் அரிசியோடு போய்ப் பாருங்கள். நான் ஒரே ஒருநாள் போனேன்.

என் பெரிய கவலை வேறு இடத்தில். எங்கள் வட்டாரத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் சிவப்புத் தடமும் நடைபாதையும் ஒன்றாகிவிடுகின்றன. மாலை ஆறு மணிக்குமேல் பேருந்திலிருந்து இறங்கும் கூட்டம் ஒரு பக்கம், காப்பிக்கடைகளிலிருந்து உணவை எடுத்துக்கொண்டு பறக்கும் சைக்கிள்கள் மறுபக்கம். பள்ளிப் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே இறங்குவார்கள். விளம்பரப் பலகை வேறு கண்ணை மறைக்கும். அங்கே மூன்று முறை ஆட்கள் கீழே விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே ஓர் அதிகாரியைக்கூட இதுவரை பார்த்ததில்லை. காலை எட்டரைக்கு நேராக நீளும் பாதையில், மரநிழலில், கிழவன் ஒருவன் இருபது மீட்டர் ஏறினால் பிடிபடுகிறான். பிடிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை, நிற்கும் இடமும் நேரமும் தவறு.

அந்த நிறுத்தத்தின் இரு முனையிலும் தரையில் “இறங்கித் தள்ளவும்” என்று நான்கு மொழியிலும் எழுதச் சொல்லி நகரமன்றத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். எங்கள் புளோக்குத் தூணில் ஒரு குவிகண்ணாடி மாட்டச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். பெரிய செலவில்லை. பழையபடி தொண்டூழியர்கள் மாலையில் இரண்டு மணி நேரம் நின்றால் அதுவும் போதும். ஆள் இல்லை என்றால் என் பெயரை எழுதிக்கொள்ளலாம், வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.

அதிகாரிகளே வந்தாலும் மகிழ்ச்சி. ஒருநாள் மாலை ஆறிலிருந்து எட்டு வரை அந்த நிறுத்தத்தின் பின்னால் நின்று பார்க்கட்டும். வந்தால் எதிர்க்கடையில் ஆளுக்கொரு கோப்பி-ஓ வாங்கித் தருகிறேன் என்று எழுதியிருந்தேன். அதிகாரிக்கு வாங்கித் தந்தால் அது லஞ்சக் கணக்கில் போய்விடும் என்று மனைவி அந்த வரியை அடித்துவிடச் சொல்கிறாள். சரி, கோப்பி அவர்கள் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டர்,
தெம்பனிஸ்