கம்பெனி சர்வீஸ் பில் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, சென்னை அயனாவரத்திலிருந்து உங்கள் மெக்கானிக்கின் வணக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வில்லிவாக்கத்திலிருந்து வரும் டீச்சரம்மா ஒருவர் கடைக்கு வந்தார். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. கையில் கம்பெனி சர்வீஸ் பில் மட்டும் வைத்திருந்தார். "தம்பி, இதுல இருக்கிறதெல்லாம் வண்டிக்குத் தேவைதானா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். சின்ன பெட்ரோல் கார், வாங்கி இரண்டு வருடம், 20,000 கிலோமீட்டர் சர்வீஸ். பில் 10,310 ரூபாய்.

ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்துவிட்டு, டேஷ்போர்டு பெட்டியிலிருந்து அவர் வண்டியின் மேனுவலை எடுத்து வந்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. பின்பக்கம் பராமரிப்பு அட்டவணை இருக்கும். அதில் 20,000 என்ற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு, பில்லை வரிவரியாகப் பென்சிலால் டிக் அடித்தோம். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெயின் வாஷர், சர்வீஸ் லேபர் எல்லாம் ஜிஎஸ்டி வரியோடு 4,120. இது அட்டவணைப்படி சரி. வீல் அலைன்மென்ட், பேலன்சிங் 1,190. மெட்ரோ வேலைக்காக வெட்டிப்போட்ட ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு இதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்து இன்ஜின் ஃபிளஷ் (ஆயில் மாற்றும் முன் இன்ஜினை உள்ளே கழுவுவது) 950, இன்ஜெக்டர் கிளீனர் 480, ஏசி கிருமிநாசினி 1,150, உள்பக்க கிளீனிங், பாலிஷ் 1,800, ஏர் ஃபில்டர் 620. கூட்டிப் பார்த்தால் சரியாக ஐயாயிரம். அந்த ஐந்தில் ஒன்றுகூட அந்தக் கட்டத்தில் இல்லை. ஏர் ஃபில்டருக்கு "பார்த்துச் சுத்தம் செய்யவும்" என்றுதான் போட்டிருந்தது. மாற்ற வேண்டியது 40,000-இல்.

டீச்சரம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நான்தானேப்பா கையெழுத்துப் போட்டேன்" என்றார். அன்று ராத்திரி வீட்டுக்குப் போன பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஷெட் வைப்பதற்கு முன்னால் ஒன்பது வருடம் நான் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவன். அங்கே பிட்டில் நிற்கும் பையன்கள் நல்ல வேலைக்காரர்கள். வண்டியை வாங்கிக்கொண்டு எஸ்டிமேட் போடும் சர்வீஸ் அட்வைசரும் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் தலைமேல் மாத டார்கெட் இருக்கிறது. ஆயில் மாற்றுவதில் டீலருக்குப் பெரிதாக ஒன்றும் நிற்காது. ஃபிளஷ், கோட்டிங், கிளீனிங் இவற்றில்தான் நிற்கும். காலையில் எட்டரை மணிக்கு, ஆபீஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் நீங்கள் ஜாப் கார்டில் (செய்யப்போகும் வேலைகளை எழுதும் தாள்) கையெழுத்துப் போடுகிறீர்களே, பில்லின் தொகை அந்த நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. சாயங்காலம் கேஷ் கவுண்டரில் நின்று சண்டை போடுவதில் பெரிய பலன் இல்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். வண்டியை விடுவதற்கு முதல் நாள் ராத்திரி மேனுவலைத் திறந்து, இந்த சர்வீஸுக்கு என்னென்ன மாற்ற வேண்டும், என்னென்ன பார்த்தால் மட்டும் போதும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. பல கம்பெனிகள் தங்கள் வலைத்தளத்திலேயே மாடல், கிலோமீட்டர் போட்டால் சர்வீஸ் செலவு எவ்வளவு வரும் என்று காட்டுகின்றன. அந்தத் தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அட்வைசர் எஸ்டிமேட் போடும்போது, காகிதத்தில் இல்லாத வரி வந்தால், "இது மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்கு சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அதற்கு மேல் வாதாடத் தேவையே வராது. அவரே அந்த வரியை எடுத்துவிடுவார். வேண்டியதை மட்டும் வைத்து எஸ்டிமேட்டை பிரிண்ட் எடுத்து, "இதற்கு மேல் எதுவானாலும் போனில் கேட்டுவிட்டுச் செய்யவும்" என்று ஜாப் கார்டில் உங்கள் கைப்படவே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மத்தியானம் ஒரு போன் வரும். "சார், பிரேக் பேட் தேஞ்சிருக்கு, மாத்திடலாமா?" பிரேக் என்றதும் நாம் பயந்து சரி சொல்லிவிடுகிறோம். பயப்படாமல், "எத்தனை மில்லிமீட்டர் இருக்கு? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். புது பேடில் தேயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3-க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆகவேண்டும், அங்கே காசு பார்க்காதீர்கள். 6, 7 இருந்தால் இப்போது தேவையில்லை. டயரும் அப்படித்தான். பட்டன் ஆழம், அதாவது டயரின் மேல்பக்கப் பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. டயரின் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடாக அடையாளம் இருக்கும், அந்த மட்டத்துக்குத் தேய்ந்ததா என்று நீங்களே பார்த்துவிடலாம். மாற்றிய பொருள் எதுவானாலும் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். டிக்கியில் ஒரு கவரில் போட்டு வைக்கச் சொன்னால் போதும்.

ஆயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேனுவலில் 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ போட்டிருக்கும். அந்த கிரேடு, அந்தத் தரம் போதும். அதைவிட உசத்தி என்று சொல்லி விலை கூடின ஆயிலை ஊற்றினால் இன்ஜின் அதற்காகக் கூடுதலாக ஒன்றும் செய்துவிடாது. அதே மேனுவலில் ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் பிடிக்கும் என்றும் இருக்கும். டிரம்மிலிருந்து அளந்து ஊற்றுகிற இடங்களில், பில்லில் போட்டிருக்கும் லிட்டரை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புது வண்டியின் முதல் சில சர்வீஸ்கள் இலவசம் என்பார்கள். இலவசம் லேபருக்கு மட்டும்தான், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. ஆனால் முதல் 1,000 கிலோமீட்டரில் வருவது பெரும்பாலும் வெறும் செக்கப். அதற்கே பில் வந்தால் வரிவரியாகப் படியுங்கள்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் ஸ்பேர்ஸ் பலவற்றுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. டயர், பேட்டரிக்கும் அதேதான். பழைய பில் ஒன்றையும் புது பில் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரி குறைந்த பிறகும் அதே பிரேக் பேட் அதே விலையில் இருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சரியான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

சில வேலைகளை அங்கே செய்யவே வேண்டாம். ஏசி ஃபில்டர் நிறைய வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. பெட்டியைக் கழற்றி, பழையதை உருவி, அம்புக்குறி பார்த்துப் புதியதைச் செருகினால் முடிந்தது. ஒரு தடவை நம் கடைக்கு வாருங்கள், காட்டிக் கொடுக்கிறேன், பிறகு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வைப்பர் பிளேடும் அப்படியே. ஐப்பசி மழைக்கு முன்னால் இதை மாற்றிவிடுங்கள். பேட்டரி, டயர் இரண்டையும் வெளியே நாலு கடை விசாரித்து வாங்குங்கள், பழைய பேட்டரியைக் கொடுத்தால் விலையில் தள்ளுபடி உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தின வாரமும் சனிக்கிழமைகளும் சர்வீஸ் சென்டரில் கூட்டம் அலைமோதும். அந்த நாட்களில் உங்கள் வண்டியைப் பொறுமையாகப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. வாரத்தின் நடுநாளில் போங்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்படின்னா வாரண்டி முடியுறதுக்கு முன்னாடியே உங்க கடைக்கே வந்துடுறோம்" என்று இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டார்கள். எனக்கு வருமானம் வரும் விஷயம்தான். ஆனாலும் வேண்டாம் என்கிறேன். வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி போச்சு என்று பயமுறுத்துவது தவறு என்பதை இந்தியப் போட்டி ஆணையம் (வியாபாரப் போட்டி முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் அரசு அமைப்பு) 2014-லேயே சொல்லிவிட்டது. ஸ்பேர்ஸையும் கருவிகளையும் வெளிக்கடைகளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதமும் போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. என்னைப் போன்ற சின்ன ஷெட்காரர்கள் மனம் குளிர்ந்த தீர்ப்பு அது. ஆனால் நாளைக்கே உங்கள் வண்டியின் ஸ்டீயரிங் மோட்டாரோ ஏசி கம்ப்ரெஸரோ போய், டீலர் "சர்வீஸ் ரெக்கார்டு காட்டுங்க" என்று நிற்கும்போது, அந்தத் தீர்ப்பைக் காட்டி வழக்காட உங்களுக்கு நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது. வாரண்டி இருக்கிற வரைக்கும் அங்கேயே போங்கள், சொன்ன தேதியில் போங்கள், தேவையானதை மட்டும் செய்துகொள்ளுங்கள்.

தேதி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம் என்று போட்டிருந்தால், எது முதலில் வருகிறதோ அது. கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுத்து வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் நம் வாடிக்கையாளர்களில் நிறைய. "ஓடவே இல்லையே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். சின்னச் சின்ன ஓட்டத்தில் இன்ஜின் முழுச்சூடு ஏறுவதில்லை. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோல் ஆவியும் ஆயிலிலேயே தங்கிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆகவேண்டும்.

பிரேக் ஆயிலிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். நம் ஊரோ கடற்கரை ஊர், வருடம் முழுக்கப் புழுக்கம். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால் உள்ளே ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பெரும்பாலான மேனுவல்களில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லியிருக்கும். டீச்சரம்மாவின் வண்டிக்கும் இந்த சர்வீஸில் மாற்ற வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. ஐயாயிரத்துக்கு வேண்டாததைச் செய்தவர்கள் இதை விட்டுவிட்டார்கள். டப்பாவைத் திறந்து பார்த்தேன், ஆயில் டீ நிறத்துக்கு வந்திருந்தது. பில்லில் ஐயாயிரம் போனதைவிட எனக்கு இதுதான் ஆத்திரமாக இருந்தது. மறுநாளே அவரை சர்வீஸ் சென்டருக்குத் திருப்பி அனுப்பி, மேனுவலின் அந்தப் பக்கத்தைக் காட்டி மாற்றச் சொன்னோம். லேபர் வாங்காமல் செய்து கொடுத்தார்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி (காசு கட்டி நீட்டித்துக்கொள்ளும் வாரண்டி) எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: ஐந்து வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளப்போகிற வண்டி என்றால் எடுங்கள் என்பேன். இப்போதைய வண்டியில் ஒரு கண்ட்ரோல் யூனிட் (வண்டியை இயக்கும் கணினிப் பெட்டி) போனாலே செலவு அந்த வாரண்டியின் விலையைத் தாண்டிவிடும். வண்டி வாங்கிய அன்றே எடுக்க வேண்டியதில்லை, முதல் வாரண்டி முடிவதற்குள் எடுத்தால் போதும். தள்ளிப்போடப் போட விலை ஏறும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி முடிந்து நம்மிடம் வருகிறவர்களுக்கு, ஸ்பேர்ஸ் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து ஒரிஜினல் ஃபில்டர் வாங்கித்தான் போடுகிறோம். அட்டைப்பெட்டியை உங்கள் கண்முன்னால்தான் பிரிப்போம், எம்ஆர்பி ஸ்டிக்கரைப் பில்லோடு ஒட்டிக் கொடுப்போம். மலிவாகக் கிடைக்கிறதே என்று டூப்ளிகேட் ஆயில் ஃபில்டர் போட்டு, உள்ளே காகிதம் கிழிந்து வந்த இன்ஜினைக் கழற்றிப் பார்த்தவன் நான். அந்த வேலையை இந்தக் கடையில் செய்யமாட்டோம்.

அடுத்த கம்பெனி சர்வீஸுக்குத் தேதி வாங்கியிருப்பவர்கள், ஞாயிறு தவிர எந்த நாளும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள் மேனுவலையும் போன தடவை பில்லையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பார்த்து, துண்டுக் காகிதத்தில் நானே எழுதித் தருகிறேன். இதற்குக் காசு வேண்டாம். கூட்டமாக இருந்தால் ஒரு டீ சாப்பிடும் நேரம் காத்திருக்க வேண்டி வரும்.

அன்புடன்,
உங்கள் மெக்கானிக் ஷெட், அயனாவரம்