அக்காவுக்கு, அந்த "ஒரு தடவதான்" ரூல் பத்தி

அக்கா,

வாட்ஸப்ல டைப் பண்றதும் அழிக்கிறதுமா நாலு வருஷம் ஓடிப்போச்சு. அதான் இங்கயே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். ராத்திரி அடுப்படி வேலை முடிஞ்சதும் நான் எழுதுறதெல்லாம் நீ படிக்கிறேன்னு மாமா போன மாசம் வாய் தவறி சொல்லிட்டாரு. நம்ம சொந்தக்காரங்க சில பேரும் படிக்கிறாங்க, அதனால வீட்டு விஷயம், அந்த பணம், ரெண்டையும் இங்க தொடல. அது நமக்குள்ள.

அப்பா போனது 2021 ஜூன் 29. அங்க நடந்தது எல்லாம் உனக்குத்தான் தெரியும், அத நான் உனக்கு சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. ஜூலை 1 காலைல காவேரியில கரைச்சுட்டு வந்து நீ எனக்கு கால் பண்ண, இங்க கனடாவுல முந்தின நாள் ராத்திரி ஒம்பது மணி. எடுத்ததுமே நான் தேம்பித் தேம்பி அழுதேன், நீயும் அழுத. அப்ப நான் சொன்னேன், "லிட்டன் எரிஞ்சு போச்சுக்கா." நீ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நான் அப்பாவ கரைச்சுட்டு வந்து உக்காந்திருக்கேன், நீ எந்த ஊருக்குடா அழுதுகிட்டு இருக்க"ன்னு கேட்டு கட் பண்ணிட்ட.

எந்த ஊருக்குன்னு இப்ப சொல்றேன்.

2018 ஜூலை கடைசி. அப்பா இங்க வந்து மூணு வாரம் ஆயிருந்துச்சு. நான் ஆபீஸ் போயிடுவேன், அவரு ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. ஒரு நாள் சாப்பிடும்போது "பக்கத்துல ஆறு ஏதாவது இருக்காடா"ன்னு கேட்டாரு. கோயில் கேக்கல, மால் கேக்கல. நான் இருக்கற சர்ரேக்கு ஓரமாவே ஃப்ரேசர் ஆறு ஓடுது, கூட்டிட்டுப் போய் காட்டினேன். அங்க அது கட்டி விட்ட மரக்கட்டையும் இழுவைப் படகுமா இருக்கும். "இது ஆறில்லடா, குடோன்"னு சொல்லிட்டு வண்டியில ஏறிட்டாரு. அதனாலதான் அடுத்த சனிக்கிழமை மேல, மலைக்குள்ள கூட்டிட்டுப் போனேன்.

யேல்ங்கிற ஊருகிட்ட வண்டிய நிறுத்தி எனக்குத் தெரிஞ்சத எல்லாம் சொன்னேன். 1858ல இங்க மணல்ல தங்கம் இருக்குன்னு சேதி பரவி, ஏப்ரல் 25 அன்னிக்கு கம்மடோர்ங்கிற கப்பல்ல நானூறு அம்பது பேரு கிட்ட கலிஃபோர்னியாலேந்து விக்டோரியாவுல வந்து இறங்கினாங்க, அந்த வருஷத்துலயே முப்பதாயிரம் பேரு வரைக்கும் வந்தாங்கன்னு சொல்றாங்க. தங்கம் இருந்தது ஆத்துக்குள்ள இருக்கற மணல் திட்டுல. ஆனா கோடையில மலைப்பனி உருகி தண்ணி ஏறிச்சு, திட்டெல்லாம் முழுகிப்போச்சு, இது வெறும் புரளின்னு திட்டிகிட்டே ஏகப்பட்ட பேரு திரும்பிட்டான். தண்ணி வடிஞ்சப்புறம் இருந்தவனுக்கு கிடைச்சுது. அப்பா கேட்டுட்டு, "வெள்ளம் வடியிற வரைக்கும் கரையில உக்கார முடியாதவன் ஆத்துக்கு எதுக்கு வர்றான்"னாரு. இத எங்கயாவது எழுதணும்னு அன்னிக்கே நினைச்சேன்.

அதுக்கு மேல ஸ்பஸம்கிட்ட அலெக்சாண்ட்ரா பாலம். தங்கம் தேடிப் போறவங்களுக்கு மூட்டையோட, கழுதையோட இந்த ஆத்தத் தாண்டுறதுதான் பெரிய கண்டம், முதல்ல அங்க ஓடம்தான் இருந்துச்சு. 1863ல ட்ரட்ச்னு ஒருத்தர் தொங்கு பாலம் கட்டி சுங்கம் வாங்கினாரு. அத 1894 வெள்ளம் நாசம் பண்ணிடுச்சு, 1926ல அதே இடத்துல திரும்ப கட்டினாங்க. அப்ப அதுல நடந்து போகலாம், வண்டி போகாது. தரை பூரா இரும்பு கிராதி, குனிஞ்சு பாத்தா செருப்புக்கு அடியில பழுப்பா தண்ணி சுழிச்சுகிட்டு ஓடும். அப்பா ரெண்டு எட்டு வச்சிட்டு கம்பிய புடிச்சுகிட்டு நின்னுட்டாரு. நான் நடுப்பாலம் வரைக்கும் போய் ஃபோட்டோ எடுத்தேன். அவர விட்டுட்டு போயிருக்கக் கூடாது.

லிட்டன்ல ரெண்டு ஆறு சேருது. தாம்சன் நீலப்பச்சை, ஃப்ரேசர் சேத்து நிறம், கொஞ்ச தூரத்துக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமலே ஓடுது. தங்கத்துக்கு ஆளுங்க வர்றதுக்கு எவ்வளவோ காலம் முன்னாடிலேந்து அது இங்க்லகாப்மா ஜனங்களோட ஊரு, கம்ச்சின்னு பேரு. 1858ல வந்தவங்க அவங்க ஊருங்கள கொளுத்தி, ரெண்டு பக்கமும் ஆள் செத்து, கடைசியில ஸ்பின்ட்லம்ங்கிற தலைவர்தான் அந்த இடத்துல சமாதானம் பேசி சண்டைய நிறுத்தினாரு. தங்கத்துக்கும் ரயில் வேலைக்கும் வந்த சைனாக்காரங்களுக்கு அந்த ஊருல ஒரு சின்ன மியூசியம் இருந்துச்சு, அப்பதான் திறந்து ஒரு வருஷம். அப்பா உள்ள ரொம்ப நேரம் நின்னுட்டு, "இவங்கெல்லாம் திரும்பி ஊருக்குப் போனாங்களாடா"ன்னு கேட்டாரு. சில பேருன்னு சொன்னேன்.

அப்புறம் ஊருக்கு வடக்கால அந்த ஃபெர்ரி. அக்கா, இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன். ரெண்டு கார் மட்டும் ஏறும். ஆத்துக்கு மேல கரைக்கு கரை ஒரு கேபிள், அதுல உருளை, உருளையிலேந்து கயிறு வந்து ஃபெர்ரிய புடிச்சிருக்கு. இழுத்துட்டுப் போக இஞ்சின் கிடையாது. சுக்கான திருப்பி ஃபெர்ரிய தண்ணிக்கு கொஞ்சம் சாய்வா நிறுத்தினா, ஓடுற தண்ணியே தள்ளி அக்கரைக்கு கொண்டு போயிடுது. நான் போர்ஸு, ஆங்கிள்னு விளக்க ஆரம்பிச்சேன், அப்பா கைய காட்டி நிறுத்திட்டாரு. முசிறி பாலம் வர்றதுக்கு முன்னாடி குளித்தலைக்கு பரிசல்ல போனவராச்சே, பரிசக்காரன் முதல்ல கரையோரமா மேல ஏத்திகிட்டுப் போய் அப்புறம் இழுப்புல விட்டு அக்கரை புடிப்பான்ல, அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கல. "தண்ணிய எதுத்துக்காம தண்ணிகிட்டயே வேல வாங்குறான் பாரு"ன்னாரு. கம்பி ஓரத்துல நின்னுகிட்டு வேட்டிய மடிச்சு கட்டினாரு. அவரு வேட்டிய மடிச்சு கட்டி நான் பாத்து பத்து வருஷம் இருக்கும்.

எவ்வளவுடா டிக்கெட்டுனு கேட்டாரு, ஃப்ரீன்னேன். நம்பல. அக்கரை போய் இக்கரை வந்தோம். இறங்கினதும் "இன்னொரு தடவ போயிட்டு வருவோமா"ன்னாரு. எனக்கு சாயங்காலம் ஒரு ஆபீஸ் கால் இருந்துச்சு, மூணு மணி நேரம் ஓட்டணும், அத சொன்னா பாவம் உடனே சரின்னு சொல்லிடுவாரு, முகம் மட்டும் வாடிப்போயிடும், அத பாக்க எனக்கு தெம்பில்ல, அதனால "ஒரு ஆளுக்கு ஒரு தடவதான்பா விடுவாங்க, கவர்மெண்ட் ரூல்"னு சொல்லிட்டேன்.

அவரு அத அப்படியே நம்பிட்டாரு. ஊருக்கு வந்து எத்தன பேருகிட்ட சொன்னாருன்னு உனக்கே தெரியும், நீயே ஃபோன்ல சிரிச்ச. "ஃப்ரீயா விடுறான், ஆனா ஒரு தடவதான், என்ன ஒழுங்கு பாரு"ன்னு. அந்த மாதிரி ரூல் எதுவும் கிடையாதுக்கா.

அடுத்த வாட்டி வரும்போது நாள் பூரா போகலாம்னு மனசுக்குள்ள வச்சிருந்தேன். அவரு போன அதே ஜூன் 29 அன்னிக்கு லிட்டன்ல வெயில் 49.6 டிகிரி, கனடாவுலயே அது வரைக்கும் அப்படி ஒரு சூடு பதிவானதில்ல. மறுநாள் சாயங்காலம் ஊரே எரிஞ்சுது, அந்த மியூசியமும். ரெண்டு பேரு செத்துப்போனாங்க. டிவியில அந்த தெருவ காட்டினப்ப எனக்கு தெரிஞ்சது மடிச்சு கட்டின வேட்டிதான். நான் அழுதது அதுக்குத்தான், உன்கிட்ட வாயில வந்தது ஊர் பேரு.

வரலயேன்னு கேப்ப. நேர் ஃப்ளைட்ட கனடா ஏப்ரல்லயே நிறுத்திட்டான், திரும்பி வரணும்னா வேற நாட்டுல இறங்கி டெஸ்ட் எடுத்து சுத்தி வரணும். முடியாதுன்னு இல்ல. கஷ்டம், செலவு, வேலை போயிடுமோன்னு பயம். பயந்துட்டேன், மன்னிச்சுக்கோ. ஆனா கருமாதி அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி "அவனுக்கு டாலர் இருக்கு, அப்பா எதுக்கு"ன்னு நீ சொன்னது எனக்கு வந்து சேந்துச்சு. யாரு சொன்னாங்கன்னு எழுத மாட்டேன். ஒவ்வொரு மாசமும் அவரோட மருந்துக்கு யாரு பாத்துகிட்டாங்கன்னு தெரிஞ்ச நீ அத சொல்லியிருக்க வேணாம். அத இன்னும் என்னால முழுங்க முடியல, முழுங்கிட்டேன்னு பொய் சொல்லவும் இனி முடியாது. உன் பதினாறு வயசுப் பையன் என் இடத்துல நின்னு கொள்ளி வச்சான், அவன் கால் பண்ணா எனக்கு ஹலோ சொல்றதுக்கே தொண்டை அடைக்குது. நீ அன்னிக்கு என்ன சாப்பிட்ட, யாரு உன்ன புடிச்சுகிட்டாங்க, ஒண்ணுமே நான் கேக்கல.

போன செப்டம்பர்ல தனியா லிட்டன் போனேன். ஊருல பாதிக்கு மேல வெறும் மனைதான் கிடக்கு. ஃபெர்ரி ஓடுது. கார மேலயே விட்டுட்டு நடந்து ஏறினேன், அக்கரை போய் இறங்காம திரும்பி வந்தேன், திரும்பவும் போனேன், அஞ்சு தடவ. ஓட்டுற அம்மா எதுவும் கேக்கல, மூணாவது தடவ ஏறினப்ப தலைய மட்டும் ஆட்டினாங்க.

ஆடி அமாவாசைக்கு டிக்கெட் போட்டுட்டேன், ஒரு மாசம் லீவு. அம்மா மண்டபத்துல நான் கொடுக்கறேன், நீயும் மாமாவும் பையனும் கூட வாங்க. அப்புறம் முசிறிக்கு போகணும், பரிசல் இன்னும் எங்கயாவது விடுறாங்களான்னு மாமாவ விசாரிச்சு வைக்க சொல்லு. அப்பாவோட வேட்டி ஒண்ணு உன் பீரோவுல இருக்குன்னு சொன்ன, அத யாருக்கும் குடுத்துடாத.

தம்பி