லிட்டில் மோர்ட்டன் ஹாலைக் காத்தது பரம்பரைப் பெருமையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில், இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில் காங்கிள்டன் ஊருக்கு அருகிலுள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அகழியில் நிழல் விழும் அந்தக் கோணல்மாணல் மர வீட்டின் படங்கள் கண்ணுக்கு விருந்து. ஆனால் 'பிரபுக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாகப் பொத்திப் பாதுகாத்த மாளிகை' என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. நடந்தது ஏறத்தாழ இதற்கு நேர்மாறு.

மோர்ட்டன்கள் பிரபுக்கள் அல்லர், வசதியான நிலக்கிழார்கள். 1504 வாக்கில் பெரிய கூடத்தில் தொடங்கி, 1610 வரை, வசதிப்பட்டபோதெல்லாம் ஒரு பகுதியாகச் சேர்த்துச் சேர்த்துக் கட்டினார்கள். முழு வீட்டுக்குமாக ஒரே வரைபடம் இருந்ததில்லை. அதனால்தான் எந்தப் பக்கமும் இன்னொரு பக்கத்தோடு ஒத்துப்போவதில்லை.

கட்டி முடித்துச் சில பத்தாண்டுகளில் உள்நாட்டுப் போர் வந்தது. மோர்ட்டன்கள் அரசர் பக்கம் நின்றார்கள். 1643இல் நாடாளுமன்றப் படையினர் வீட்டைக் கைப்பற்றித் தங்கள் சிப்பாய்களை அதில் தங்கவைத்தார்கள். வீடு பிறகு திரும்பக் கிடைத்தது. கடனும் கூடவே வந்தது. நிலங்களை விற்றார்கள். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வீட்டையே உழவர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். 1841இல் குடிவந்த ஒரு குத்தகைக் குடும்பம் நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பல அறைகள் பாழடைந்து, வழிபாட்டு அறையில் நிலக்கரி கிடந்தது. இதுதான் பொத்திப் பாதுகாத்த லட்சணம்!

ஆனால் அந்த அலட்சியமே வீட்டைக் காப்பாற்றியது என்பதுதான் நான் சொல்ல வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பணமிருந்த ஆங்கில நிலக்கிழார்கள் பழைய மர வீடுகளை இடித்தார்கள். அல்லது அவற்றுக்குச் செங்கல் முகப்பு கட்டி, இரு பக்கமும் ஒத்த ஜன்னல்கள் வைத்து, மரத்தை மறைத்தார்கள். அன்றைய நாகரிகம் அது. மோர்ட்டன்களிடம் அதற்குப் பணமில்லை. வரவேற்பறைச் சுவரில் மட்டும் புதுப் பாணியில் மரப்பலகை அடித்திருந்தார்கள். 1976இல் அந்தப் பலகைகளைக் கழற்றியபோது பின்னால் என்ன இருந்தது தெரியுமா? சூசன்னாவின் விவிலியக் கதையைச் சொல்லும் 16ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். வீடு முழுவதையும் புதுப்பிக்க வசதி இருந்திருந்தால் என்னென்ன மறைந்திருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

உண்மையில் அக்கறை காட்டியவர் 1892இல் அதைப் பெற்ற எலிசபெத் மோர்ட்டன் என்ற கன்னியாஸ்திரி. வழிபாட்டு அறையைச் சீராக்கினார். மேல்தள நீள்கூடத்துக்கு எஃகுக் கம்பிகளால் பிடிமானம் கொடுத்ததும் அவராக இருக்கலாம். ஒருபோதும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1912இல் உறவினரான பிஷப் சார்ல்ஸ் ஏப்ரகாமுக்கு விட்டுச்சென்றார். அவர் ஆறு பென்ஸ் கட்டணம் வாங்கிப் பொதுமக்களை அனுமதித்தார். 1938 முதல் அது நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை வசம். இன்று முதல் தரப் பாதுகாப்புக் கட்டடம்.

அந்த நீள்கூடத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரே வரிதான். ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளனான எனக்கு அதுதான் பெரிய குறை. 68 அடி நீளம். மழைக்காலத்தில் நடக்கவும் விளையாடவும் பயன்பட்ட இடம். சுவர்ப் பலகைகளுக்குப் பின்னாலிருந்து பழைய டென்னிஸ் பந்துகள்கூடக் கிடைத்திருக்கின்றன. அதன் தலைக்கு மேல் ஓடு அல்ல, கனத்த கற்பலகைக் கூரை. இவ்வளவு சுமையைத் தாங்கும் தெம்பு கீழ்த்தளங்களுக்கு இல்லை. உத்திரங்கள் வளைந்தன, தரை அலையலையாய் ஆனது. எந்தப் பொறியாளரும் கையெழுத்திட மாட்டார். ஆனாலும் விழவில்லை. ஓக் மரத்தை ஈரம் காயாமலே அறுத்து, பொருத்துக்குப் பொருத்து மர முளை அடித்துச் சேர்ப்பது அன்றைய வழக்கம். மரம் காயக் காயப் பொருத்து இறுகும். சுமை ஏறும்போது சட்டம் முறியாமல் சற்றே சாய்ந்து கொடுக்கும். இப்போது அதை நிமிர்த்தப் போனால்தான் பொருத்துகள் பிளக்கும். கோணலைக் கோணலாகவே விட்டு வலுப்படுத்தியது சரியான முடிவு.

இன்னொன்று. பளிச்சென்ற கறுப்பு வெள்ளையை, டியூடர் மன்னர்கள் ஆண்ட 16ஆம் நூற்றாண்டின் அடையாளம் என்கிறது கட்டுரை. மரச் சட்டங்களுக்குக் கறுப்புப் பூசுவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு விக்டோரியா காலத்து மோகம். பூசாமல் விட்ட ஓக் வெள்ளிச் சாம்பல் நிறமாகத்தான் முதிரும்.

உரிமையாளர்களின் வம்சாவளிக்கு இரண்டு பத்திகள் ஒதுக்கிய கட்டுரையில் ரிச்சர்ட் டேல் பெயரே இல்லை. முற்றத்தை நோக்கிய பெரிய ஜன்னல்களைச் செய்த தச்சர் அவர். 1559இல் வில்லியம் மோர்ட்டன் இந்த ஜன்னல்களைச் செய்வித்தார் என்று ஒரு வரி செதுக்கப்பட்டிருக்கிறது. கூடவே, இறையருளால் இவற்றைச் செய்தது தச்சன் ரிச்சர்ட் டேல் என்று இன்னொரு வரியும் இருக்கிறது. பணம் கொடுத்தவரும் உளி பிடித்தவரும் ஒரே ஜன்னலில் இடம்பெற்ற அந்த வரிகளின் படத்தை அடுத்த இதழிலாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி