பட்டன் டயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணாலியிலிருந்து லே வரை மோட்டார் சைக்கிளில் சென்றுவந்த வாசகர் ஒருவரின் பயணக் கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். மலைக்குப் புறப்படுகிறவர்கள் பெரிய பட்டன் டயரை, அதாவது ரப்பர் கட்டிகள் துருத்திக்கொண்டிருக்கும் டயரை, மாட்டிக்கொண்டால் கவலையில்லை என்ற பொருளில் அதில் வந்துள்ள அறிவுரையை அப்படியே பின்பற்றுகிறவர்கள் பணத்தையும் இழப்பார்கள். வழியில் விழவும் நேரும்.

சேற்றுக்கும் இளகிய மண்ணுக்கும் உரிய டயரில் பட்டன்கள் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருக்கும். சக்கரம் சுழலும்போது சேறு அந்த இடைவெளிகளிலிருந்து உதிர வேண்டும் என்பதே அதன் நோக்கம். நெருக்கமான பட்டன்களில் ஈரச் செம்மண் அப்பிக்கொண்டால் புது டயரும் மொட்டை டயர்தான். அதே உயரமான பட்டன்கள் இறுகிய தரையிலும் பாறையிலும் வளைந்து, ஓரம் பிய்ந்து, பிடிமானத்தை இழக்கும் என்பதால், அங்கே குட்டையான, நெருக்கமான பட்டன்களே நல்லவை. ஈரப் பாறையில் பட்டனின் உயரத்தைவிட ரப்பரின் மென்மைதான் வண்டியைக் காக்கிறது. நனைந்த தார்ச் சாலையிலோ, தரையைத் தொடும் ரப்பர் குறைவாக இருப்பதால், பிரேக் பிடித்த வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். ஓசூரிலிருந்து மணாலிக்கே 2,500 கிலோமீட்டருக்கு மேல் தார்ச் சாலை இருக்கும்போது, முழுக்க முழுக்க மண்ணுக்கான டயரை இங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர் அதன் பாதி ஆயுளை மலையடிவாரத்துக்கு முன்பே தேய்த்துவிடுவார்.

கட்டுரை காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பதே என் பெரிய குறை. லே செல்லும் வழியில், மலைமேல் உள்ள மோரே சமவெளியில் தார் போடுவதற்கு முன்பு நான் சென்றபோது, புழுதி மணலில் முன்சக்கரம் புதைந்து இரண்டு முறை விழுந்தேன். காற்றைச் சற்று இறக்கியதும், டயர் தட்டையாகப் படிந்து, அதே வண்டி அதே மணலில் ஒழுங்காக ஓடியது. ஆனால் கல் நிறைந்த பாதையில் அப்படி இறக்கினால், கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு துளைகள் விழும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்றடிக்காமல் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கெடும். ஆகவே கைப்பம்பும் காற்றழுத்தத்தை அளக்கும் கேஜும் இல்லாமல் காற்றை இறக்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலைக்குக் கீழே, தாழ்வான ஊரில் நிரப்பிய காற்றோடு ஏறக்குறைய 5,300 மீட்டர் உயரமுள்ள தங்லாங் லா கணவாய்க்கு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் பாதியளவுக்குக் குறைந்துவிடுவதால், கேஜ், டயர் காற்றை அளக்கும் பி.எஸ்.ஐ. அலகில் 7 வரை கூடுதலாகக் காட்டக்கூடும். குளிர் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். வழியில் அளந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

பலர் செலவுக்கு அஞ்சிப் பின் டயரை மட்டும் மாற்றுகிறார்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் அதற்கு அவகாசமே கிடைக்காது. ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால், தேய்ந்த முன் டயரை மாற்றுங்கள் என்பேன்.

இனி வெளியிடும் பயணக் கட்டுரைகளில், வழியில் எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை சரளை, எத்தனை மணல் என்பதையும், எழுதியவர் எந்த இடத்தில் எவ்வளவு காற்று வைத்திருந்தார் என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓசூர்