ஜன்னலோர இருக்கையும் எரிகல் மழையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எரிகல் மழை பற்றிய உங்கள் கட்டுரையில், விமானத்தில் போகிறவர்களுக்கு எரிகற்கள் இன்னும் பக்கத்தில் தெரியும் என்று ஒரு வரி வந்திருந்தது. விமானத்திலிருந்தும் பார்க்கலாம் என்று யாராவது எழுதினதே எனக்கு சந்தோஷம்தான், ஆனால் அங்கிருந்து நன்றாகத் தெரிவதற்குக் காரணம் அது இல்லை. எரிகற்கள் எரிவது பெரும்பாலும் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில். பயணிகள் விமானம் பறப்பது 10, 12 கிலோமீட்டரில். அதிலும் ஜன்னல் வழியாக நாம் பார்ப்பது தலைக்கு மேலே இல்லை, பக்கவாட்டில், அதனால் அங்கே தெரிகிற எரிகல் பல நூறு கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கும், தரையில் மல்லாந்து படுத்து உச்சியில் பார்ப்பதைவிட நிதானமாகத்தான் கோடு இழுக்கும்.

உண்மையான லாபம் காற்று விஷயத்தில். அந்த உயரத்தில் காற்றின் முக்கால் பங்கு நமக்குக் கீழே போய்விடுகிறது, கூடவே தூசியும் ஈரமும் பெரும்பாலான மேகங்களும். தரையிலிருந்து அடிவானத்தை ஒட்டிப் பார்த்தால் மங்கலான எரிகற்கள் கண்ணுக்கே எட்டாது, மேலே வானம் அடிவானம் வரை தெளிவாக இருக்கும். விஞ்ஞானிகள் விமானம் ஏறுவதும் இதற்காகத்தான். 1999 நவம்பரில் லியோனிட் எரிகல் மழை புயலாகக் கொட்டியதைப் பார்க்க நாசா ஆதரவோடு வானியலாளர் பீட்டர் ஜெனிஸ்கன்ஸ் குழு இரண்டு விமானங்களில் பறந்தது. ஒரே எரிகல்லை இரண்டிலிருந்தும் படம் பிடித்துவிட்டால் அதன் உயரத்தையும் பாதையையும் கணக்குப் போட்டுவிடலாம், நீராவி தடுத்துவிடுகிற அகச்சிவப்புக் கதிர்களையும் அங்கிருந்து ஆராய முடியும். 2011 டிராகோனிட் மழைக்கு ஐரோப்பிய விஞ்ஞானிகளும் இப்படிப் பறந்தார்கள்.

சரி, டிக்கெட் எடுத்துப் போகிற நாம் என்ன செய்யலாம்? இறக்கைக்கு முன்னால் ஜன்னலோர இருக்கை கேளுங்கள், இறக்கை நுனியில் வெட்டி வெட்டி எரிகிற விளக்கு பின்னால் போய்விடும். நிலா இருந்தால் அது தெரியாத பக்கம் உட்காருங்கள். நள்ளிரவுக்கு அப்புறம்தான் பொதுவாக எண்ணிக்கை கூடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை கண்ணாடியில் விழுகிற உள்விளக்கின் பிரதிபலிப்பு, போர்வையைத் தலையோடு போர்த்தி அதன் ஓரத்தை ஜன்னல் சட்டத்தோடு அழுத்திப் பிடித்தால்தான் அது மறையும், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும்.

ஒரு டிசம்பர் இரவில், ஜெமினிட் எரிகல் மழையின் உச்சத்தில், நான் இப்படி உட்கார்ந்திருந்தபோது பணிப்பெண் வந்து திரையை இறக்கச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும், தானும் குனிந்து பார்த்துவிட்டு இன்னொரு போர்வை கொண்டுவந்து கொடுத்தார். எல்லா விமானத்திலும் இப்படி நடக்காது. புதிய விமானங்கள் சிலவற்றில் திரையே கிடையாது, கண்ணாடியையே பணியாளர்கள் மொத்தமாகக் கறுக்க வைத்துவிடுகிறார்கள். உச்ச இரவுகளில் மட்டுமாவது விமான நிறுவனங்கள் ஒரு அறிவிப்பு செய்து, உள்விளக்குகளை நன்றாகக் குறைத்து, விரும்புகிறவர்களை ஜன்னல் திரையைத் திறந்து வைக்க விடலாமே, இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் உச்சத்துக்கு வருகிற பெர்சீட் எரிகல் மழை பற்றி எழுதும்போது அந்த வரியைத் திருத்தி, இருக்கை விஷயத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்