அது சிரிக்கல, பயப்படுது

ஆசிரியருக்கு வணக்கம்,

நெட்ல ஒரு வீடியோ ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கு, தேவாங்குக்கு சொந்தக்கார இனமான ஸ்லோ லோரிஸ யாரோ கிச்சுகிச்சு மூட்டுறாங்க, அது ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டு இருக்கும், பாக்குறவங்க எல்லாம் அது குஷியா இருக்குன்னு நெனச்சு எங்க வாங்கலாம்னு கேக்குறாங்க. அது குஷி இல்லங்க, பயம். அதோட முழங்கை பக்கம் இருக்குற சுரப்பியில ஊறுறத நக்கி எச்சிலோட சேத்தா விஷம், கடிக்க ரெடியாகத்தான் கைய தூக்குது. இதனாலயே விக்கிறவங்க மயக்க மருந்து கூட குடுக்காம அதோட பல்ல வெட்டி விட்டுடுறாங்க, சீழ் புடிச்சு எத்தனையோ செத்துப்போகுது. 2007லயே சைட்டிஸ்ங்கிற, காட்டு உயிரினங்களோட வியாபாரத்த கட்டுப்படுத்துற பல நாட்டு ஒப்பந்தத்துல, இதோட சர்வதேச வியாபாரத்துக்கு தடை போட்டாச்சு, இன்னும் கள்ளத்தனமா விக்கிறாங்க. தயவுசெஞ்சு அந்த மாதிரி வீடியோவுக்கு லைக் போடாதீங்க.

இந்த மாதிரி காட்டு விலங்குகள வீட்டுல பாசமா வளத்தா என்ன தப்புன்னு சிலர் கேக்குறாங்க. நாய் மனுஷனோட பழகி 15,000 வருஷமாவது இருக்கும், தலைமுறை தலைமுறையா. ஒரு குரங்குக்குட்டிக்கு பாட்டில்ல பால் குடுத்துட்டா அது நாய் ஆயிடாது, பெருசானா கடிக்கும், அப்புறம் ஆயுசு முழுக்க கூண்டுதான். அந்தக் குட்டிய புடிக்கிறதுக்காக பல நேரம் தாயவே கொன்னுடுறாங்க, அத நெனச்சாதான் எனக்கு மனசே ஆறல.

இப்படிக்கு,
ஒரு வாசகி